பெயர்ப்பட்டியல் போதாது: வன்னிக் காட்டுக்கு ஒரு பதிவேடு எப்படி உருவாகிறது

வன்னிக் காடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: அங்கே எத்தனை வகைப் பறவை, எத்தனை வகை மிருகம்? ஒருவர் ஓர் எண்ணைச் சொல்வார். இன்னொருவர் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்வார். அப்புறம் ஒரு பெயர்ப்பட்டியல் கைமாறத் தொடங்கும். பாடசாலைச் சுவரில் ஒட்டப்படும், திட்ட அறிக்கையில் பின்னிணைப்பாகச் சேரும். பட்டியல் வந்துவிட்டது, ஆகவே கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்று நாங்களும் நம்பிவிடுகிறோம்.

அது கணக்கெடுப்பு அல்ல. நெடுங்கேணிப் பக்கம் ஒரு காட்டுத் துண்டை ஊடறுத்து வீதி வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டில் அழுங்கு இருக்கிறதா? கடைசியாகக் கண்டது எப்போது? வழிதவறி வந்த ஒன்றா, வளை தோண்டிக் குட்டி போட்டு வாழ்கிறதா? வீதியை அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போட்டால் தப்புமா? "அழுங்கு – உண்டு" என்ற ஒரு வரி இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. பதில் சொல்லக்கூடிய பதிவேடு ஒன்று உண்டு. அது எப்படி உருவாகிறது, எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

## விதானையாரின் இடாப்பு

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் ஒருவரைக் காண்கிறீர்கள். மறுநாள் பரந்தன் சந்தியிலும் அவரையே காண்கிறீர்கள். உங்கள் நண்பர் அவரை முறிகண்டியில் கண்டிருக்கிறார். மூன்று முறை கண்டதால் அவர் மூன்று பேர் ஆகிவிடமாட்டார். அந்த மூன்று இடத்திலும் அவர் குடியிருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய வீடு எது, வீட்டில் எத்தனை பேர் என்று தெரியவேண்டுமென்றால் விதானையாரின் இடாப்பைத்தான் பார்க்கவேண்டும்.

அந்த இடாப்பில் அலகு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம், ஒரு முகவரி, ஆட்களின் விபரம், கடைசியாகச் சரிபார்த்த திகதி. இன்னொரு முக்கியமான பழக்கமும் அதில் இருக்கிறது. ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து போனால் நல்ல விதானையார் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிவதில்லை. "இடம்பெயர்ந்துள்ளனர்" என்று எழுதி வைப்பார். திரும்பி வந்து குடியேறினால் அதே இலக்கத்தில் தொடர்வார். வன்னியில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

காட்டு உயிர்களின் பதிவேடும் இதே இரண்டு அடுக்கில்தான் நிற்கிறது. முதல் அடுக்கு கண்ட பதிவு: இன்னாரால், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன உயிர் காணப்பட்டது என்ற ஒரு தகவல். பஸ் நிலையத்தில் கண்ட ஆள் போல. இரண்டாவது அடுக்கு உறைவிடம்: ஓர் அரிய இனத்தின் ஒரு கூட்டம் உண்மையில் தங்கி வாழும் அல்லது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நிலத்துண்டு அல்லது நீர்ப்பரப்பு. இடாப்பில் உள்ள குடும்பம் போல. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி ஆகிய மூன்று ஊர்களிலிருந்து மூன்று யானைக் கூட்டப் பதிவுகள் வந்தாலும், மூன்றும் ஒரே கூட்டமாக இருந்தால் உறைவிடம் ஒன்றுதான். பாதுகாக்கவேண்டியதும், எண்ணவேண்டியதும், மாறியதா என்று மீண்டும் போய்ப் பார்க்கவேண்டியதும் உறைவிடத்தைத்தான்.

## ஒரு கண்ட பதிவுக்குள் என்ன இருக்கவேண்டும்

எது, எங்கே, எப்போது, யார், எப்படித் தெரிந்தது. இந்த ஐந்தும் இருந்தால் அது பதிவு. ஒன்று குறைந்தாலும் கதை என்ற அளவில் நின்றுவிடும்.

"எப்போது" என்பதை நாள், மாதம், வருடம் மூன்றோடும் எழுதவேண்டும். வன்னியில் மாரியும் கோடையும் இரண்டு வெவ்வேறு உலகம். ஜனவரியில் சுண்டிக்குளத்திலும் வங்காலையிலும் நிற்கும் வலசைப் பறவைகளை ஜூலையில் தேடிப் பயனில்லை. குளம் வற்றும்போது பறவைகள் நெருங்கி நிற்கும்; வான் பாயும்போது நாலா பக்கமும் சிதறிவிடும். திகதி இல்லாத எண்ணிக்கையை வேறு எந்த எண்ணிக்கையோடும் ஒப்பிட முடியாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடப்பது இதனால்தான். பருவம் ஒன்றாக இருந்தால்தான் வருடத்தை வருடத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

"எப்படித் தெரிந்தது" என்பதில் சான்றின் தரம் வருகிறது. நேரில் கண்டதா, படம் உண்டா, காலடியா, எச்சமா, குரலா, மற்றவர் சொல்லக் கேட்டதா? கேட்டதை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மன்னார்க் கடலில் ஆவுளியா என்ற கடற்பசுவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு மீனவர்கள் சொல்லித்தான் தெரியும். கடற்புல் படுக்கையில் அது மேய்ந்த தடத்தை அடையாளம் காணக்கூடியவர்கள் அவர்கள். ஆனால் கேட்டது கேட்டது என்றே எழுதப்படவேண்டும். நேரில் கண்டதும் கேட்டதும் ஒரே வரிசையில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

"எது" என்பதற்கு ஊர்ப்பெயரை மட்டும் நம்ப முடியாது, அதை விட்டுவிடவும் கூடாது. ஊரில் கொக்கு என்றால் அதற்குள் பல இனங்கள் அடங்கும். அறிவியல் பெயர்களும் மாறுகின்றன: மரையை முன்பு செர்வஸ் யூனிகலர் என்றார்கள், இப்போது ருசா யூனிகலர் என்கிறார்கள். ஆகவே பதிவேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் மாறாத இலக்கம் ஒன்றைக் கொடுத்து, ஊர்ப்பெயர், பழைய பெயர், புதிய பெயர் எல்லாவற்றையும் அந்த இலக்கத்தோடு இணைத்துவிடுகிறார்கள். கண்டவர் சொன்ன பெயர் அவர் சொன்னபடியே ஒரு நிரலில் கிடக்கும்.

## "எங்கே" என்ற கேள்விக்குள் இருக்கும் சிக்கல்

பதிவுகள் அதிகம் கெட்டுப்போவது இடத்தில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இப்போது எல்லோருடைய போனிலும் இருப்பிட எண் கிடைக்கிறது. இரணைமடுக் குளத்தருகே நின்றால் ஏறத்தாழ 9.31, 80.44 என்று காட்டும். முதலாவது அகலாங்கு, இரண்டாவது நெட்டாங்கு. அவற்றை மாற்றி எழுதிவிட்டால் உங்கள் யானை இரணைமடுவை விட்டு, நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும், திருத்தலாம். கண்ணில் படாத பிழைதான் ஆபத்தானது. பாகை, கலை முறையில் 9 பாகை 30 கலை என்று குறித்ததை 9.30 என்று தசமத்தில் எழுதுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே அது 9.50 ஆக இருக்கவேண்டும். வித்தியாசம் 0.2 பாகை, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் கண்ட பறவை இரணைமடு வரை இறங்கி வந்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் வன்னிதான். யாருக்கும் சந்தேகம் வராது.

பழைய நில அளவைத் தாள்களிலிருந்து எடுக்கும்போது இன்னொரு பொறி உண்டு. இலங்கையின் பழைய கட்ட முறையில் பிதுருதலாகலையில் உள்ள தொடக்கப் புள்ளிக்கு 200000, 200000 என்ற எண்கள். 1999 இல் வந்த முறையில் அதே புள்ளிக்கு 500000, 500000. எந்த முறையில் எடுத்தது என்று எழுதாத எண்ணுக்குப் பொருளே இல்லை. அந்த முறையின் பெயருக்குத் தனி நிரல் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது துல்லியம். தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் என்றால் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். இரண்டு என்றால் 1.1 கிலோமீற்றர், மூன்று என்றால் 110 மீற்றர், நான்கு என்றால் 11 மீற்றர். போன் ஏழெட்டு இலக்கம் காட்டுகிறது என்பதற்காக அவ்வளவு துல்லியம் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. ஆகவே ஒவ்வோர் இடத்தோடும் ஒரு பிழை வட்டம் எழுதப்படுகிறது: உண்மையான இடம் இந்தப் புள்ளியிலிருந்து இத்தனை மீற்றருக்குள் நிச்சயம் இருக்கும் என்ற ஆரை. திறந்த வெளியில் நல்ல போனோடு நின்றால் 10 மீற்றர் போதும். அடர்ந்த பாலை, வீரை மரங்களுக்கு அடியில் இன்னும் கூடும். "வவுனிக்குளத்தில் கண்டது" என்று மட்டும் சொன்னால் குளம் முழுவதும் வட்டத்துக்குள் வரவேண்டும். நூறு வருடத்துக்கு முன்பு காய்ந்த செடியை ஒட்டி "முல்லைத்தீவு" என்று மட்டும் எழுதி வைத்த தாள் கிடைத்தால், வட்டம் பத்து, இருபது கிலோமீற்றராக விரியும். அந்தத் தாளை ஒதுக்காதீர்கள். பெரிய வட்டத்தோடு எழுதிவைத்தால் அது நேர்மையான தகவல். நகரின் நடுவில் ஒரு புள்ளி குத்தினால் அதுவே பொய்யாகிவிடும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்கவேண்டியது இவ்வளவுதான். கண்ட பதிவு வேறு, உறைவிடம் வேறு. கண்ட பதிவுக்கு ஐந்து கேள்விகள். அதில் "எங்கே" என்பதற்கு எண், அது எந்த முறையில் எடுத்தது, பிழை வட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வரவேண்டும்.

## கண்டதிலிருந்து உறைவிடத்துக்கு

உறைவிடத்தை அலகாக வைத்துப் பதியும் வழிமுறை 1974 இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஆரம்பமானது. அழகான இடத்தை முதலில் தெரிந்தெடுத்து, பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று பட்டியலிடும் வழக்கத்தை அது திருப்பிப் போட்டது. முதலில் அரிய இனத்தை எடு, அது எங்கெங்கே தங்கி வாழ்கிறது என்று தேடு, அந்த உறைவிடங்கள் எங்கே குவிகின்றனவோ அங்கே கவனம் செலுத்து. இன்று நேச்சர்சேர்வ் என்ற வலையமைப்பு இதே முறையை வட அமெரிக்கா முழுவதும் நடத்துகிறது. முறை அங்கே பிறந்தாலும், அதைக் கையாள எங்களுக்குத் தடை ஒன்றுமில்லை.

இரண்டு கண்ட பதிவுகள் ஒரே உறைவிடமா, இரண்டா? அதைத் தீர்மானிக்க பிரிப்புத் தூரம் என்ற ஒன்றை ஒவ்வோர் இனத்துக்கும் முன்கூட்டியே வகுக்கிறார்கள். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் பதிவுகள் ஒன்றாகச் சேரும், அப்பால் இருப்பவை தனியாகும். நேச்சர்சேர்வ் முறையில் அது குறைந்தது 1 கிலோமீற்றர். நிற்கும் இடத்திலேயே நிற்கும் செடிக்கு அது போதும். யானைக்கும் கரடிக்கும் அது பொருந்தாது. பல கிலோமீற்றர் எடுக்கவேண்டும். இடையில் என்ன நிலம் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். இடையில் காடு தொடர்ந்தால் ஒன்று. ஏ-9 வீதியும் வீடுகளும் வயலும் குறுக்கிட்டால் நட்சத்திர ஆமைக்கு அது இரண்டாகப் பிரிந்த உலகம்.

உறைவிடம் உருவான பிறகு அதற்கு ஒரு தரம் கொடுப்பார்கள், ஏ முதல் டி வரை. கூட்டம் எவ்வளவு பெரியது, வாழிடம் எந்த நிலையில் இருக்கிறது, சுற்றியுள்ள நிலம் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்து, அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அது தாக்குப்பிடிக்குமா என்று மதிப்பிடுவதே தரம். ஏ என்றால் நன்றாகத் தாக்குப்பிடிக்கும்; டி என்றால் ஆட்டம் கண்டுவிட்டது. தரத்தோடு திகதியும் எழுதவேண்டும். பத்து வருடத்துக்கு முன் போட்ட ஏ இன்றைக்கும் ஏ என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

## வெறுமையாகக் கிடக்கும் வரைபடம்

வன்னிக்கு என்று தனியாகச் சொல்லவேண்டியது இதுதான். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

1983 க்கும் 2009 க்கும் இடையில் வன்னியின் பெரும்பகுதிக்குள் ஆய்வாளர்கள் போய்வர முடியவில்லை. போர் முடிந்த பிறகும் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடம் நீண்டது. பாதையை விட்டு இறங்கக்கூடாத காடுகள் இருந்தன. இதே காலத்தில்தான் இலங்கையின் மற்றப் பகுதிகளில் பதிவுகள் பெருகின. ஆகவே பல இனங்களின் பரம்பல் வரைபடத்தைப் பார்த்தால் யால, மலைநாடு என்று புள்ளிகள் நெருங்கி நிற்கும், வன்னியில் வெறுமை. பார்ப்பவர் "அங்கே அது இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்.

வரைபடத்தின் வெறுமைக்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். பதிவேடு அவற்றைத் தனித்தனியாக எழுதுகிறது. ஒன்று, பழைய பதிவு: முன்பு இருந்தது தெரியும், நெடுங்காலமாக யாரும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு, தேடியும் காணாமை: தகுதியானவர்கள் தகுந்த பருவத்தில் போய்த் தேடினார்கள், கிடைக்கவில்லை, ஆனாலும் இருக்க வாய்ப்புண்டு. மூன்று, அற்றுப்போனது: திரும்பத் திரும்பத் தேடியாயிற்று, அல்லது வாழிடமே அழிந்துவிட்டது. நான்காவதாக ஒன்றும் உண்டு. எவரும் ஒருபோதும் பார்க்காத இடம். அதற்குப் பதிவே இருக்காது.

நேச்சர்சேர்வ் முறையில் ஏறத்தாழ 20 வருடமாக உறுதிப்படாத உறைவிடம் பழைய பதிவு வகைக்குள் போகும். அமைதியான நாட்டில் இது நியாயமான விதி. இருபது வருடம் யாரும் காணவில்லை என்றால் ஏதோ மாறியிருக்கவேண்டும். வன்னியில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், போருக்கு முந்திய பதிவுகள் எல்லாம் ஒரேயடியாகப் பழையதாகிவிடும். விலங்கு போகவில்லை, மனிதர் போக முடியவில்லை. ஆனால் தாளில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இங்கே விதியை மாற்றவேண்டும் என்பதே என் கருத்து: கடைசியாகக் கண்ட திகதியோடு, கடைசியாக அந்த இடத்தைத் தேடிய திகதியையும் தனி நிரலாக வைக்கவேண்டும். முடிவு சொல்லும்போது இரண்டாவது திகதியைப் பார்க்கவேண்டும்.

அதற்கு "காணவில்லை" என்ற பதிவுகள் தேவை. களத்துக்குப் போய் ஒன்றும் காணாமல் வந்தவர்கள் அதை எழுதுவதில்லை, வெறுங்கை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதுவும் தரவுதான், ஆனால் எப்படித் தேடினீர்கள் என்று எழுதினால்தான். "இரண்டு பேர், நவம்பர் மழை விட்ட காலை, 6 முதல் 9 மணி வரை, குளக்கட்டின் கீழ்ப்பக்கப் பற்றை நெடுக நடந்தோம், நட்சத்திர ஆமை காணவில்லை" என்பது பெறுமதியான பதிவு. நட்சத்திர ஆமை மழைக்காலத்தில்தான் அதிகம் நடமாடும். அதே பற்றையில் ஆகஸ்ட் மாத நண்பகல் வெயிலில் தேடிக் காணாவிட்டால், அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

இது நாட்டின் சிவப்புப் பட்டியலையும் தொடுகிறது. அழிவின் அபாயத்தில் இருக்கும் இனங்களை வகைப்படுத்தும் அந்தப் பட்டியலை சுற்றாடல் அமைச்சு வெளியிடுகிறது. 2012 இல் விரிவாக ஒன்று வந்தது. உலக அளவிலான விதியில், ஓர் இனம் குடியிருக்கும் பரப்பை 2 கிலோமீற்றருக்கு 2 கிலோமீற்றர் சதுரங்களாக எண்ணுகிறார்கள். மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது, மொத்தம் 500 சதுர கிலோமீற்றருக்குக் குறைந்தால் "அருகிவரும்" வகை. வன்னியிலிருந்து வரும் ஒரு நல்ல பதிவு ஒரு சதுரத்தை நிரப்புகிறது. பிழையான பதிவு இல்லாத சதுரத்தை நிரப்புகிறது. இரண்டாலும் ஓர் இனத்தின் நிலை தீர்மானமாகலாம்.

சுருக்கமாகச் சொன்னால், கண்டது, தேடியும் காணாதது, தேடவே இல்லாதது என்ற மூன்றும் மூன்று வேறு தகவல்கள். கடைசி இரண்டையும் ஒன்றாக்கினால் வன்னியின் படம் முழுவதும் பிழைத்துவிடும்.

## இயற்கைப் பரப்பை எப்படி எழுதுவது

உயிரினம் போலவே இடமும் பதிவேட்டில் ஏறும். உலர் வலயப் பாலைக் காடு, கனகராயன் ஆற்றோரமும் அருவியாற்றோரமும் மருது நிற்கும் காடு, மன்னாரின் முட்காடு, தரவை, நந்திக்கடல் ஓரக் கண்டல் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் எல்லைக்கோடு. சட்டப்படியான எல்லை வேறு, இயற்கையின் எல்லை வேறு. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவானது. வங்காலை 2010 இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் சாசனத்தில் சேர்ந்தது. இவை வர்த்தமானி எல்லைகள். பறவைகள் அந்தக் கோட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை. இரண்டு எல்லையையும் தனித்தனிப் படலமாக வைக்கவேண்டும்.

இங்கே மனிதரைத் தொடும் விடயம் ஒன்று இருக்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் இயற்கைக் காடு அல்ல. சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வயலிலும் வளவிலும் பற்றை ஏறி, பிறகு மரம் வளர்ந்தது. திரும்பி வந்த குடும்பம் தன் காணி காடாகக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்ட கதைகள் வன்னியில் குறைவில்லை. நல்ல பதிவேடு இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தின் வரலாற்றையும் கேட்கும்: நிலத்தில் வரம்பு தெரிகிறதா, கட்டுக் கிணறு உண்டா, மா, தென்னை, பனை வரிசையாக நிற்கிறதா, பழைய வான்படத்தில் அது எப்படி இருந்தது, ஊரார் என்ன சொல்கிறார்கள். முப்பது வருடப் பற்றையில் நல்ல உயிர்கள் வாழலாம், அதையும் எழுதலாம். ஆனால் அதை "தொன்மையான காடு" என்று எழுதுவது பிழை. அந்தப் பிழையால் இரண்டு தரப்பும் இழக்கும்: குடும்பம் காணியை இழக்கும், பதிவேடு ஊரின் நம்பிக்கையை இழக்கும். ஊர் நம்பாத பதிவேட்டுக்கு அடுத்த வருடம் யாரும் தகவல் சொல்லமாட்டார்கள்.

## ஒரே தாளில் ஏன் எழுதக்கூடாது

பெரும்பாலானோர் எக்செல் தாள் ஒன்றில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறார்கள். ஆரம்பத்துக்குச் சரி. பிறகு ஒரே ஊர் "முறிகண்டி", "முறிகண்டி சந்தி", "முருகண்டி" என்று மூன்றாகிவிடும்; தேடும்போது ஒன்று மட்டும் கிடைக்கும். புதுக்குளம் என்று எத்தனையோ குளங்கள். எது என்று தெரியாது. இதற்குத் தீர்வு, இனங்களுக்கு ஓர் அட்டவணை, இடங்களுக்கு ஒன்று, களப்பயணங்களுக்கு ஒன்று, கண்ட பதிவுகளுக்கு ஒன்று, உறைவிடங்களுக்கு ஒன்று என்று பிரித்து, அவற்றை இலக்கங்களால் இணைப்பது. இப்படி இணைந்த அட்டவணைகளின் தொகுதிக்குத்தான் தரவுத்தளம் என்று பெயர். ஊரின் பெயரைத் திருத்தவேண்டுமென்றால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

நிரல்களின் பெயர்களை நீங்களாக உருவாக்கவும் வேண்டாம். டார்வின் கோர் என்று உலகம் ஒத்துக்கொண்ட ஒரு நிரல் தொகுதி 2009 முதல் இருக்கிறது. அதன்படி வைத்தால், பிறகு மற்ற நாடுகளின் தரவோடு சேர்ப்பதற்கு மீண்டும் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

பதிவைத் திருத்தும்போது பழையதை அழிக்கக்கூடாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று குறித்து, பழையதைப் பக்கத்தில் வைக்கவேண்டும். இன்று பிழை என்று நினைத்தது நாளை சரியாகலாம். பிரதிகள் மூன்று வேண்டும். அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கவேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்துபோனவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அதற்குமேல் எங்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

## யார் பார்க்கலாம்

தரவு எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்பது நல்ல கொள்கை. அரிய உயிர் என்று வரும்போது அதற்கு வரம்பு உண்டு. சீனாவில் 1999 இல் ஒரு குகைப் பல்லி இனத்தை விவரித்து, அது வாழும் இடத்தையும் வெளியிட்டார்கள். வளர்ப்புக்காகப் பிடிப்பவர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துப் போய், முதலில் கண்ட இடத்திலேயே அதை இல்லாமல் செய்துவிட்டார்கள். வன்னியில் நட்சத்திர ஆமையும் அழுங்கும் இதே ஆபத்தில் இருக்கின்றன. நட்சத்திர ஆமைக் கடத்தல் அவ்வளவு கடுமையானதால், 2019 இல் அது சர்வதேச வர்த்தகத்தைப் பொதுவாகத் தடைசெய்யும் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அது வாழும் இடத்தைப் பத்து மீற்றர் துல்லியத்தில் முகநூலில் போடுவது கடத்துபவருக்கு வழிகாட்டுவதுதான்.

ஆகவே பதிவேட்டுக்கு உள், வெளி என்று இரண்டு வடிவம் இருக்கும். உள்ளே இருப்பதில் முழு எண்ணும் இருக்கும். அதை அனுமதி பெற்ற சிலர் மட்டும் பார்ப்பார்கள், யார் எப்போது பார்த்தார் என்பதும் பதியப்படும். வெளியே வருவதில் ஆபத்துள்ள இனங்களின் இடம் மங்கலாக்கப்படும். ஐநேச்சுரலிஸ்ட் செயலி அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களுக்கு இதைத் தானாகவே செய்கிறது: உண்மையான புள்ளியைக் காட்டாமல், 0.2 பாகை அளவுள்ள சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும், ஏறத்தாழ 22 கிலோமீற்றர். எல்லா இனத்துக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை. வங்காலையில் வெட்டவெளியில் நிற்கும் பூநாரைகளின் இடத்தை மறைப்பதால் பயன் ஒன்றுமில்லை. திறந்து காட்டினால் அங்கே கழிவு கொட்ட வருபவரைத் தடுக்கலாம். முதிரை, கருங்காலி போன்ற பெறுமதியான மரங்கள் கூட்டமாக நிற்கும் இடம் என்றால் மறைக்கவேண்டும்.

இனத்துக்கு இனம் இந்த முடிவை எடுத்து, காரணத்தோடு இன அட்டவணையிலேயே எழுதிவைக்கவேண்டும். தகவல் தந்த தேன் எடுப்பவருக்கும் மீனவருக்கும் முதலிலேயே சொல்லவேண்டும்: உங்கள் பெயர் உள் வடிவத்தில் இருக்கும், வெளியே வரவேண்டுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் பெயரோடு வெளிவரும். வேண்டாம் என்றால் "உள்ளூர்வாசி" என்று மட்டும் வரும். பிறகு மனம் மாறினால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.